கருமாதிப் பத்திரிகையில் கிடைத்த மாப்பிள்ளை

ஒரு நாள் முழுக்கச் செத்தவர்களைத் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. காரணம், உயிரோடு இருந்த ஒருத்தர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சேலை பார்டருக்கு டிசைன் அட்டை குத்துகிற வேலை. காலையில் நான் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது சைக்கிளில் போவார், போகிற போக்கில் மணி அடிப்பார். எதிரே ஈ காக்கா இருக்காது, ஆனாலும் அடிப்பார். எனக்கு அது போதும். குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்று, பின்னால் நின்ற பெண்களிடம் தினம் திட்டு வாங்கினேன்.

அவர் வீட்டிலிருந்தே பெண் கேட்டு ஆள் வந்தது. நான் அடுப்படியில் ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டுத் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். அதெல்லாம் அரை மணி நேரம்தான். அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்த என் அத்தை, வெற்றிலையை மென்றுகொண்டே ஒரே போடாகப் போட்டாள்.

"இன்னாபா பேசிக்கினு கீற? அவங்க நமக்குப் பங்காளி. இவளுக்கு அந்தப் பையன் அண்ணன் முறை ஆவுது."

தலையில் இடி விழுந்ததுபோல இருந்தது. பங்காளி என்றால் ஒரே தகப்பன் வழி வந்தவர்கள். அங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் நினைத்தே பார்க்க முடியாத காரியம். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த ஆளைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். இனிமேல் அவரைப் பார்த்தால் அண்ணன் என்று கூப்பிடு என்று அம்மா வேறு சொன்னாள். என் வாய் கோணிக்கொண்டாலும் அந்த வார்த்தை வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அத்தைக்கு எப்படித் தெரியும்? என் கொள்ளுத்தாத்தா செத்தபோது அவள் கல்யாணமாகிச் சின்னக் காஞ்சிபுரத்தில் இருந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கருமாதிப் பத்திரிகை அவள் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறது. அதை யாரும் வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். வாசலிலேயே நின்று உரக்கப் படித்துவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். மாமனார் படித்தார், இவள் உள்ளேயிருந்து கேட்டாள். சைக்கிள்காரருடைய கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லிப் பங்காளி என்று படித்ததைத் தன் இரண்டு காதாலும் கேட்டாளாம். பிறகு ஏன் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லை என்று கேட்டால், ஏதோ சண்டையில் பிரிந்திருப்பார்கள் என்றாள். குலதெய்வமும் ஒன்றாய்த் தொலைந்தது. அதுகூடப் பெரிதில்லை, எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அதே குலதெய்வம்தான்.

ஆக, அத்தை காதில் விழுந்த ஒரு சொல்லை நம்பி என் வாழ்க்கை போகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த முறையை எழுத்தில் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். ஆனால் வீட்டில் அப்படிச் சொல்ல முடியுமா? முகத்தைப் பாவம்போல வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். கொள்ளுத்தாத்தா செத்த நாள் தெரியாமல் மாளய அமாவாசையோடு சேர்த்துத் திதி கொடுக்கிறோமே, நகராட்சி ஆபீசில் போய் நாளைக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தையைத் துணைக்கு அனுப்பினார்.

நகராட்சி ஆபீசில் இறப்புப் பதிவு பார்க்கிற குமாஸ்தா எந்த வருஷம் என்று கேட்டார். நாற்பது வருஷத்துக்கு ஒரு தரம் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளுவாரே, போன தரம் வந்ததற்கு அடுத்த வருஷம் என்றாள் அத்தை. உள்ளூர்க்காரர் போலிருக்கிறது, மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை, நேராகப் போய்ச் சரியான புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தார். பக்கம் பக்கமாகச் செத்துப்போயிருந்தார்கள். காரணம் என்கிற இடத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் காய்ச்சல். என் விரல் ஓடியது, கொள்ளுத்தாத்தா அகப்பட்டார். தகப்பனார் பெயரைப் பார்த்துக்கொண்டேன். பிறகு குமாஸ்தாவிடம் குழைந்து பேசி, இரண்டு வருஷம் கழித்துச் செத்த சைக்கிள்காரருடைய கொள்ளுத்தாத்தாவையும் தேடிப் பிடித்தேன். அவருக்கும் அதே தகப்பனார் பெயர்.

நான் புத்தகத்தைத் தள்ளி வைத்தேன். நான் சொன்னேனே என்று அத்தை ஜெயித்த முகத்தோடு நின்றாள். குமாஸ்தா இரக்கப்பட்டு அதே பக்கத்தை என் பக்கம் திருப்பினார். அந்த ஒரு பக்கத்திலேயே ஐந்து தகப்பன்களுக்கு அந்தப் பெயர்.

"ஊர்ல பாதிப் பேருக்கு அந்தச் சாமி பேருதாம்மா. இத வெச்சி முறை சொல்ல முடியாது. கருமாதிப் பத்திரிகை இருந்தா பாருங்க, அதுலதான் யாரு யாருக்கு இன்னா முறைன்னு போட்டிருப்பாங்க."

கிழித்துப் போட்ட காகிதத்தை எங்கே போய்ப் பார்ப்பது? படி இறங்கி வெயிலில் நின்றபோதுதான் உறைத்தது. வாங்கினவன் கிழிப்பான், அச்சடித்தவன் ஏன் கிழிக்கப் போகிறான்? அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்கள் அச்சடிக்கப் போன பிரஸ்ஸுக்கு நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், ஓடினேன். அத்தை பின்னால் திட்டிக்கொண்டே வந்தாள்.

பிரஸ்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா அடித்த ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறவராம். கல்யாணப் பத்திரிகை எல்லாம் உள்ளே கண்ணாடி அலமாரியில் மஞ்சள் மணக்க இருந்தது. கருமாதிப் பத்திரிகையை மட்டும் அவர் வீட்டம்மா உள்ளே விடவில்லை. கொல்லையில் கிணற்றடிச் சாய்ப்பில், தகர டின்களில் அடைத்து வைத்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து கவிழ்த்தேன். அத்தை மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். ஐந்து நிமிஷம்தான். யாரெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை யாரை விட்டது? அவளும் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு டின் முழுக்க வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவை. பெரிய காஞ்சிபுரத்தில் நெற்றி நிறைய விபூதி பூசி வாழ்ந்த ஒரு பெரியவரை அச்சுக் கோத்தவர் அவசரத்தில் வைகுண்டத்துக்கு அனுப்பிவிட்டார். சின்னக் காஞ்சிபுரத்து நாமக்காரர் ஒருவர் சிவலோகத்தில் போய் உட்கார்ந்திருந்தார். இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் சண்டைக்கு வந்தார்கள் என்று பிரஸ்காரர் சொன்னார். இப்ப ரெண்டு பேரும் அங்க இன்னா பேசிக்குவாங்க என்று அத்தை கேட்டாள். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. சாவுக் காகிதக் குவியல் நடுவே இரண்டு பொம்பிளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பிரஸ்காரர் வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்த அடுத்த கார்டு எங்களுடையது. கறுப்புக் கரை கட்டின கார்டு, ஓரமெல்லாம் பழுத்திருந்தது. மகன்கள், மருமகன்கள், அதன் பிறகு பங்காளிகள் என்று நாலு பெயர். அந்த நாலில் சைக்கிள்காரருடைய கொள்ளுத்தாத்தா இல்லை. கீழே தனியாக இருந்தார். பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில், தறிப் பங்காளி.

உடம்பும் பார்டரும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்து ஒரு தறி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்திருக்கிறார்கள். தறியில்தான் பங்கு, ரத்தத்தில் இல்லை. ஒருத்தர் போனதும் தறி பிரிந்தது, போக்குவரத்தும் நின்றது. சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நான் அத்தைக்கு மூன்று தரம் படித்துக் காட்டினேன்.

"என் மாமனாரு எதையும் பாதி முழுங்கித்தான் படிப்பாருமா" என்றாள் கடைசியில்.

எனக்கு அவளைக் கடித்துத் தின்னவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கட்டிக்கொண்டேன். பிரஸ்காரர் எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், கல்யாணப் பத்திரிகையை இங்கேதான் அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். அவரிடம் நான் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வீட்டு வாசலில் நின்றே அப்பாவைக் கூப்பிட்டேன். தறிக் குழியிலிருந்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கார்டைக் கொடுத்தேன். தெருவில் நின்று ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்தார். தறிப் பங்காளி என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அத்தையைப் பார்த்தார், திரும்பவும் படித்தார். முடிந்ததும் நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டார்.

நான் குனிந்து சாக்கடையைப் பார்த்தேன். அவரும் தான் செய்ததைப் பார்த்துத் திகைத்து நின்றார். நாள் முழுக்க அலைந்து கண்டெடுத்த ஒரே சாட்சி தண்ணீரில் போகிறது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக என்னைக் கேட்டார்.

"பாட்டனார் செத்தது எந்தத் தேதின்னு பாத்தியாமா?"

நகராட்சிப் புத்தகத்தில் தகப்பனார் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கார்டில் முறையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அத்தை சட்டென்று வானத்தைப் பார்த்தாள்.

"அப்ப இன்னாத்துக்குமா இவ்ளோ தேடின?" என்றார் அப்பா.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அப்பன் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன், சத்தமாக வந்துவிட்டது.

"அவரக் கட்டிக்கணும்பா."

எதிர் வீட்டில் தறிச் சத்தம் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். சாவுக் காகிதத்தைத் தொட்டிருக்கிறாய், போய்த் தலைக்கு ஊற்றிக்கொள் என்றார். நான் உள்ளே போகத் திரும்பியபோது, சட்டையை எடுத்து வரச் சொன்னார். அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன், அதுக்குள்ள வேற எடம் பாத்துடப் போறாங்க என்று சொல்லிக்கொண்டே, சட்டை வருவதற்குள் தெருவில் பாதி தூரம் போய்விட்டார்.