சாமி குடித்தால் குடித்த கணக்கில் சேராது

ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் பொன்னையா குடியை விட்டபோது சாராயத் தவறணைக்காரன் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. ஒரு வாடிக்கை போனால் இன்னொன்று. வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் கடை. மழையும் குளிரும் அவனுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர்கள். அதோடு, சுதந்திரம் வந்த பிறகு இந்தத் தீவில் "நீ எங்கே பிறந்தே, உங்கப்பன் எங்கே பிறந்தான், அத்தாட்சி எங்கே" என்று கேட்காமல் நம்மவர்களை உள்ளே விட்ட கதவு அது ஒன்றுதான். ஆகவே சனங்களுக்கு அந்தக் கதவின்மேல் ஒருவிதமான தேசபக்தியே இருந்தது.

கலங்கிப்போனது தோட்டம். பொன்னையாதான் கவ்வாத்துச் சாமிக்கு ஆடுகிறவன்.

தேயிலை, விட்டால் மரமாகிவிடும் சாதி. அதனால் சில வருஷத்துக்கு ஒரு தரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. ஆம்பளை வேலை. வழுக்குச் சரிவில் காலை ஊன்றி நின்று, சவரக்கத்தி மாதிரி தீட்டிய கத்தியை வீச வேண்டும். கொஞ்சம் பிசகினால் செடிக்குப் பதிலாகக் கணுக்கால் வரும். ஆகவே முதல் செடியை வெட்டுமுன் மலையடியில் மூன்று கல் நட்டு, எல்லார் கத்தியையும் வரிசையாகப் படைத்து, சேவல் அறுத்து, சுருட்டு வைத்து, சாராயப் போத்தலைத் திறப்பார்கள். போத்தல் துரை வீட்டு உபயம். துரை ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்தான். ஆனாலும் பயந்தவன் கத்தி மெதுவாக ஓடும் என்கிற வேதமும் அவருக்குத் தெரியும்.

தப்பு முழங்கும். சாமி பொன்னையாமேல் இறங்கும். இறங்கிய சாமி போத்தலை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஒவ்வொரு கத்தியையும் தொட்டுக் கொடுக்கும். சாமி தொட்ட கத்தி தன் ஆளை வெட்டாது.

சாமி குடித்தால் அது பொன்னையா குடித்த கணக்கில் சேராது என்பது தோட்டம் முழுக்க ஒத்துக்கொண்ட சட்டம். பொன்னையாவின் ஈரலுக்கு மட்டும் அந்தச் சட்டத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஈரல், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற ஒரு விடியற்காலைப் பெரட்டில் தன் தீர்ப்பைச் சொன்னது. பேர் கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்று சொல்ல வாயைத் திறந்தவன், வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் சப்பாத்துக் காலுக்கு முன்னால் இரத்தமாகக் கக்கினான். கண்டாக்கையா முதலில் சப்பாத்தைப் பார்த்தார். பிறகுதான் ஆளைப் பார்த்தார்.

டிஸ்பென்சரி ஐயா வயிற்றை அமுக்கிப் பார்த்து, எல்லாருக்கும் ஊற்றுகிற அதே சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்தார்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் என்கிட்ட வராதே. நேரா குழி வெட்டுறவன்கிட்ட போ."

பெஞ்சாதி மீனம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். லயத்து ஒற்றையறைக் காம்பராவுக்குள் வந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இந்தாங்க. சாகுறதுன்னா சொல்லிட்டுச் சாவுங்க. நான் இப்பவே அழுது முடிச்சிருவேன். நாளைக்கு வேலைக்குப் போகணும்."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஏ புள்ள, நாளைக்குப் போறப்ப வெளிய நாதாங்கி போட்டுட்டுப் போ. நான் கத்துனாலும் தொறக்காத."

அப்படித்தான் ஆரம்பித்தது. குடியை விடுவதற்கு நாட்டில் எங்கெங்கோ என்னென்னவோ வைத்தியம் இருக்கலாம். மேற்கணக்கில் இருந்தது ஒரு நாதாங்கி. காலையில் மீனம்மா மலைக்குப் போவாள், பொன்னையா உள்ளே கிடப்பான். கை நடுங்கும். பிறகு கால். பிறகு கை கால் எது என்று தெரியாமல் மொத்தமாக நடுங்கும். கம்பளிக்குள் வேர்க்கும், வேர்வை குளிரும். உடம்பெல்லாம் அட்டை ஏறும். தொடையில், கழுத்தில், இமைமேல். பிடுங்கிப் பிடுங்கிப் போடுவான். ஒன்றும் இருக்காது. இல்லாத அட்டைக்குச் சுண்ணாம்பு தடவி, தோல்தான் வெந்தது.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே சுவர் உண்டு. ஆனால் கூரைவரை போகாது. வெள்ளைக்காரன் அதில் மிச்சம் பிடித்தான். ஆகவே அடுத்த காம்பரா அம்மாக்கண்ணுவின் இரக்கம் தாராளமாக இந்தப் பக்கம் விழும்.

"அண்ணே, கேக்க முடியலண்ணே. நம்ம வீட்டு ஆளு வச்சிருக்காரு. ஒரு வாய் ஊத்திச் சுவத்து மேல நீட்டட்டுமா? நடுக்கம் பட்டுன்னு நிக்கும்."

நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் கஷ்டம். பொய் சொல்கிறவர்களிடமிருந்து தப்பிக்கலாம்; அம்மாக்கண்ணு சொன்னது சத்தியமான உண்மை. பொன்னையா கம்பளியை வாய்க்குள் திணித்துக் கடித்தான். சாயங்காலம் மீனம்மா வந்து பார்த்தபோது கம்பளியில் ஒரு ஓட்டை.

"கம்பளி போனா போகுது," என்றாள்.

நடுக்கம் ஒருவழியாக நின்றது. சோறு இறங்கியது. பெரட்டுக்குப் போனான், முள்ளு வெட்டினான், கண்டாக்கையா அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பேர் கூப்பிட்டார். வெளியே வந்தாயிற்று என்று நினைத்தான்.

வந்த பிறகுதான் தெரிந்தது, வெளியே என்று ஒரு இடம் கிடையாது. மேலே தேயிலை. கீழே தேயிலை. நடுவில் ஒரு பாதை. அதில் இப்படிப் போனால் தவறணை, அப்படிப் போனால் லயம். குடிக்கிறவனுக்குப் பொழுது போவது தெரியாது. விட்டவனுக்குப் பொழுதே போகாது. பழைய கூட்டாளிகள் அவனைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள். "வாங்க சாமியாரே, எப்ப காசிக்குப் பயணம்?" என்பான் ஒருவன். "சும்மா இருடா, சாபம் குடுத்திரப் போறாரு" என்பான் இன்னொருவன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் அவன் கால் தடுக்கி விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் வருவார்கள். இப்போது நேராக நடந்தான்; பக்கத்தில் யாரும் இல்லை.

இந்த இலட்சணத்தில் கவ்வாத்து வந்தது. ஏழாம் நம்பர் மலை.

கங்காணி இராமையாவும் தோட்டத் தொழிற்சங்கக் கமிட்டித் தலைவர் முத்துலிங்கமும் சேர்ந்து காம்பராவுக்கு வந்தார்கள். இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"பொன்னையா, வெள்ளிக்கெழம பூச," என்றார் கங்காணி. "தலைக்குக் குளிச்சிட்டு வந்துரு."

"நான் இப்ப தொடுறதில்லைங்க."

"நீ தொட வேணாம்பா. சாமி தொடும்."

"வயிறு என் வயிறுங்களே."

தலைவர் குறுக்கிட்டார். நியாயம் பேசுவது அவர் தொழில். "இங்க பாரு. உன் உரிமைய நான் மறுக்கல. குடிக்காம இருக்கிறது உன் உரிமை. ஆனா இது பொதுக் காரியம்."

"அப்ப வேற ஆளப் பாருங்க."

"சாமிய நாங்களா பாக்குறது? சாமிதானே ஆளப் பாக்கணும்?"

பொன்னையா பல நாளாகத் தனக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னான்: "இந்த வருஷம் சாமிக்குத் தேத்தண்ணி படைப்போமே. சீனி போட்டு."

கங்காணி எழுந்தே விட்டார். "தேத்தண்ணியா! நாள் பூரா தேயிலைக்குள்ளயே நிக்கிற சாமிடா அது. அதுக்குப் போயி தேத்தண்ணியா குடுப்ப? கத்தி பிடிக்கிற பயலுகளுக்குத் தெரிஞ்சா ஒருத்தன் மலையில கால் வைக்க மாட்டான். முதல் வெட்டு எவன் கால்ல விழுதோ, அவன் வீட்டுக்கு நீதான் பதில் சொல்லணும்."

போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உன் மச்சான் செல்லசாமியும் இந்தத் தடவ கத்தி எடுக்கிறான். ஞாபகம் இருக்கட்டும்."

மீனம்மா அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். செல்லசாமி அவள் கூடப்பிறந்த தம்பி. அவனுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்து இன்னும் பேர் வைக்கவில்லை. ரொட்டி கருகியது. அவள் புரட்டவில்லை.

பொன்னையாவுக்கு ஈரல் பயம் ஒரு பக்கம். அதற்கும் அடியில் இன்னொன்று, யாரிடமும் சொல்ல முடியாதது. இத்தனை வருஷமும் தன்மேல் வந்தது சாமியா, சாராயமா? குடிக்காமல் நின்று, சாமியும் வராவிட்டால்? வருஷா வருஷம் தன் காலில் விழுந்தவர்கள் ஒரு போத்தலின் காலில் விழுந்தார்கள் என்று ஆகிவிடும். ஓடிப்போகலாம் என்றால் ரயிலேறி எங்கே போவது? தோட்டத்தை விட்டால் நாட்டில் அவனுக்கு ஒரு மூலை கிடையாது. கடலுக்கு அக்கரையில் இருக்கிற ஊர் அப்பன் வாயில் கேட்ட ஒரு பேர்.

வெள்ளிக்கிழமை காலையில் பனிமூட்டம். ஏழாம் நம்பர் மலையடியில் கத்திகள் வரிசையாகக் கிடந்தன. பொன்னையா ஈர வேட்டியோடு மூன்று கல்லுக்கு முன்னால் நின்றான். தப்பு முழங்கியது. கண்ணை மூடினான். குளிர்தான் வந்தது. இன்னும் இறுக்கி மூடினான். கங்காணி இருமுவது கேட்டது. சேவல் இறகு காலில் ஒட்டியது தெரிந்தது. இப்படியெல்லாம் தெரிகிறவன்மேல் எந்தச் சாமி வரும்?

"வேகமா அடிங்கடா!" என்று தலைவர் கத்தினார்.

வேகமாக அடித்தார்கள். பொன்னையா வெட்கத்தோடு தோளை இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தான். செல்லசாமி சிரிக்கவில்லை, அக்காள் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போத்தலக் காட்டுங்கப்பா. அப்பத்தான் வரும்," என்றார் கங்காணி.

தக்கையைப் பிடுங்கிக் கிட்டே கொண்டுவந்தார்கள். பொன்னையாவின் மூக்கு அவனைக் கேட்கவில்லை, நாக்கு கேட்கவில்லை. வாயில் எச்சில் குபுகுபுவென்று ஊறியது. அட்டைகளும் கம்பளியும் டிஸ்பென்சரி ஐயாவும் எங்கோ தூரத்து மலையில் நடந்த கதையாகப் போயின. கை தானாக எழுந்தது. இவ்வளவு நாள் கழித்து நடுங்காமல், அழகாக, நேராகப் போயிற்று போத்தலை நோக்கி.

"ஏய்ய்ய்!"

மேலே பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. கூடை ஒரு பக்கம் உருள, தலைமயிர் விரிய, செடிக்கு மேலாகவே ஒரு உருவம் பாய்ந்து இறங்கியது. பொம்பளைகள் கவ்வாத்துப் பூசைக்கு வருவதில்லை. அதைச் சொல்லத் தலைவர் வாயைத் திறந்தார். மீனம்மா அவரைத் தள்ளிவிட்டுப் போத்தலைப் பிடுங்கி, அண்ணாந்து, கடகடவென்று குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. மீதி உள்ளே போனது.

"இந்தக் கட்ட எனக்கு வேணாம்டா!" என்று பொன்னையாவின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினாள். குரல் அவள் குரலாக இல்லை. "உளுத்துப் போன கட்ட! இவன விட்டுட்டேன்! இனிமே இவன் வாயில எவனாச்சும் ஒரு சொட்டு விட்டான், அவன் கத்தி அவன் காலத் தேடும்டா! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சாமி!" என்று முதலில் விழுந்தவர் கங்காணி. பொதுக் காரியத்தில் பின்தங்கக் கூடாதென்று தலைவரும் விழுந்தார். சாமி தள்ளாடித் தள்ளாடி ஒவ்வொரு கத்தியாகத் தொட்டது. செல்லசாமியின் கத்தியை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் தொட்டுக்கொண்டிருந்தது.

கத்திகள் மலையேறின. அன்றைக்கு யார் காலிலும் வெட்டு விழவில்லை. வேலை நேரத்துக்குத் தொடங்கியதில் துரைக்குத் திருப்தி என்று கண்டாக்கையா சொன்னார்.

பொன்னையா விடுதலையாகிவிட்டான். இனி மேற்கணக்கில் அவனுக்கு ஒரு சொட்டு ஊற்ற ஆள் கிடையாது. ஊற்றினால் கால் போகும். சாயங்காலம் தவறணைக்காரனே பாதையில் அவனைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கி, ஒதுங்கி, கும்பிட்டு வழிவிட்டான். சுருட்டு கேட்டால்கூடக் கொடுக்க யோசித்தார்கள். பாதையின் இரண்டு முனையும் இப்போது ஒரேயடியாக அடைத்தாயிற்று.

காம்பராவில் மீனம்மா கிடந்தாள். மூன்று தரம் வாந்தி எடுத்துவிட்டாள். வெளியே சாரல்; கதவைத் திறந்து வைக்க முடியாது. அந்தச் சின்ன இடம் முழுக்கச் சாராய வாடை. கம்பளியில், சட்டியில், அவள் மூச்சில். பொன்னையா வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அவள் தலையை மடியில் தாங்கி, போதை இறங்கத் தேசிக்காயைப் பிழிந்து உச்சியில் தேய்த்தான். அவள் மூச்சு விடும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினான். திருப்பிய முகம் திரும்பி வந்தது. சீலையில் நனைந்திருந்த இடத்தில் அவன் கண் போனது.

"ஏ புள்ள... நெசமாவே சாமி வந்துச்சா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியலைங்க."

வாசல் இஸ்தோப்பில் செருமல் கேட்டது. கங்காணி இராமையா. உள்ளே வரவில்லை, வெளியே நின்றபடி, இதுவரை அந்த லயத்தில் எந்தப் பொம்பளையிடமும் பேசாத மரியாதையோடு பேசினார்.

"அம்மா... கீழ்க்கணக்குலயும் கவ்வாத்து தொடங்குறாங்க. அவுங்க கங்காணி ஆள் அனுப்பியிருக்காரு. நீங்கதான் வந்து கத்தி தொட்டுக் குடுக்கணுமாம். போத்தல் அவுங்க பொறுப்பு."

பொன்னையா வாயைத் திறந்தான். என்ன சொல்வது? சாமி இல்லை என்றால் நாளைக்கே போத்தல் தன்னிடம் திரும்பி வரும். சாமிதான் என்றால் இவள் போகவேண்டும். தேசிக்காயை மறுபடி தேய்க்கத் தொடங்கினான்.

"வர்றேன்னு சொல்லுங்க," என்றாள் மீனம்மா, கண்ணைத் திறக்காமலே.

கங்காணி போனார். பிறகு அவள் அவன் மடியில் புரண்டு படுத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மொதல்ல தொண்ட எரிஞ்சுச்சு. செத்துருவேன்னு நெனச்சேன். அப்புறம்... இந்தக் கூடையத் தூக்குற இடுப்பு வலி இருக்குல்ல? கொஞ்ச நேரத்துக்கு அது இருக்கிற இடமே தெரியலைங்க."

தேசிக்காய் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்தப் பேச்சு அவனுக்கு நன்றாகத் தெரிந்த பேச்சு. அதற்கு அடுத்த பேச்சும் தெரியும், அதற்கு அடுத்ததும்.

"தூங்கு புள்ள," என்றான்.

அவள் தூங்கிவிட்டாள். பொன்னையா அசையவில்லை. எழுந்தால் அவள் விழித்துக்கொள்வாள். உட்கார்ந்திருந்தால் அந்த மூச்சு முகத்தில் படும். உட்கார்ந்தே இருந்தான்.