மூடியில் பூசிய சந்தனம்

நான் சொன்னது பொய். அந்தோணி ஓட்டிய காரில் பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலந்திருந்ததாக ஊரறியச் சொன்னேனே, ஒரு சொட்டுகூடக் கலக்கவில்லை. கோளாறுக்குக் காரணம் என் கை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

கார் அரிசி மில் முதலாளியுடையது. யுத்தத்துக்கு வெகு முன்பே வாங்கிய பழைய சீமைக் கார். ஆனால் செஞ்சிக் கடைத்தெருவில் அதை 'அந்தோணி வண்டி' என்றுதான் சொல்வார்கள். டிரைவர் அந்தோணி அதை அப்படித் துடைத்து வைத்திருப்பான்.

பெட்ரோல் கூப்பனுக்கு மட்டும் கிடைத்த காலம் அது. கூப்பன் பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி ஓட்டிய டிரைவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அதற்காக வண்டி ஓட்டுகிறவன் எல்லாம் திருடனா? முதலாளிக்கு அப்படித்தான்! என் மெக்கானிக் கொட்டகைக்குள் அவர் நுழையும்போதே தீர்ப்பைக் கையோடு கொண்டுவந்தார்.

"இன்னா மேஸ்திரி, வண்டி திக்குது. மிதிச்சா இழுக்க மாட்டேங்குது. சிங்கவரம் போறதுக்குள்ள நின்னு நின்னு போவுது. மண்ணெண்ணெ தானே?"

அந்தோணி பக்கத்தில் நின்றான். கடைத்தெரு ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். செய்தேனா? எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்று ஊரில் எனக்கொரு பெயர்... அந்தப் பெயர் தலைக்கேறியிருந்தது.

"அப்பிடித்தான் தெரியுது மொதலாளி," என்றேன். பானெட்டைக்கூடத் தூக்கவில்லை.

மறுநாள் காலையில்தான் வண்டியைப் பார்த்தேன். கைப்பிடியைப் போட்டு ஒரே சுற்று, உடனே பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் கலந்த வண்டி காலைக் குளிரில் அப்படியா கிளம்பும்? இருமும், புகை கக்கும், ஆளைப் பாடாய்ப் படுத்தும். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. பிளக்கைக் கழற்றினேன். கரி இல்லை. கார்ப்பரேட்டரைப் பிரித்து ஊதினேன். அடைப்பு இல்லை. டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து உள்ளங்கையில் விட்டேன். நொடியில் காய்ந்தது. பிசுக்கு இல்லை, மண்ணெண்ணெய் வாடை இல்லை.

சரி, ஓட்டித்தான் பார்ப்போம் என்று சிங்கவரம் பக்கம் எடுத்துப் போனேன். கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. பிறகு மிதிக்க மிதிக்கத் தயங்கியது, திக்கியது, வேர்க்கடலைக் கொல்லை ஓரத்தில் நின்றே போனது. இறங்கி டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று உள்ளே காற்று போயிற்று. மூடியைத் திறந்தபடியே வைத்துக் கிளப்பினேன்... ஒரு திக்கல் இல்லை!

மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். அந்தத் துளை அடைபட்டிருந்தது. சந்தனம். காய்ந்து இறுகிய சந்தனம்!

ஆயுத பூஜைக்கு யார் பூசியது? நான்தான். அந்தோணி கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிற கிறிஸ்தவன். "அண்ணே, நீங்களே வெச்சிடுங்க" என்று ஒதுங்கி நின்றான். முதலாளி மனம் குளிரட்டும் என்று சக்கரம், விளக்கு, மூடி ஒன்று விடாமல் அப்பினேன்.

கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன்: "கலப்படந்தாங்க. டேங்கைக் கழுவிட்டேன். இனிமே திக்காது."

ஏன் சொன்னேன்? மேஸ்திரி பூசிய சந்தனமே வண்டியை நிறுத்திவிட்டது என்று ஊர் சிரிக்குமாம்! இவ்வளவுதான் காரணம். பெரிதாக ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தீர்களா? நானும் தேடிப் பார்த்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை. அயோக்கியத்தனம்!

முதலாளி மில் வாசலில் எல்லோர் முன்னாலும் அவனைத் திருட்டுப் பயலே என்று சொல்லி விரட்டினார். அவன் கூடவே டீ குடித்த ஒருவனாவது, இருக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னானா? இல்லை. அந்தக் கூட்டத்தில் நீங்கள் நின்றிருந்தால் நீங்களும்தான் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அதற்குப்பின் அவனை யாரும் ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. ஒருநாள் என்னிடம் வந்தான். சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன். பிடித்திருக்கக் கூடாதா!

"நீங்க சொன்னா தப்பா இருக்காதுண்ணே," என்றான். "நான் தொடல. அப்ப கார் நிக்கிற செட்டு சாவி வெச்சிருந்த இன்னொரு ஆளுதானே தொட்டிருக்கணும்?"

அந்த இன்னொரு ஆள் மில் காவல்காரர் அருளப்பன். அந்தோணியின் அக்கா புருஷன். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவர். கோயில் வாசலில் அவர் சட்டையைப் பிடித்தான் அந்தோணி. அவர் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அவன் நம்பவில்லை. என் வார்த்தையைத்தான் நம்பினான்.

மனசு கேட்காமல் அவனுக்கு என் கொட்டகையிலேயே வேலை கொடுத்தேன். அதற்கு ஊர் என்னை மெச்சியது! அக்காள் இரண்டொரு தடவை வந்து வாசலில் நின்று பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. நான் எதையோ தேடுகிறவன்போல் உள்ளே போய்விட்டேன்.

போன மழைக்காலத்தில் அருளப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். பெட்டி எங்கள் கொட்டகை வழியாகத்தான் வந்தது.

"போய்ட்டு வா அந்தோணி," என்றேன். "அக்காவுக்காவது போ."

"திருடனுக்கு நான் தோள் குடுக்க மாட்டேண்ணே. அன்னிக்கு நீங்க உண்மைய சொல்லலன்னா, இன்னும் அவர மாமா மாமான்னு சுத்திட்டு இருந்திருப்பேன்."

பெட்டிக்குப் பின்னால் வந்த அக்காள் எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பெட்டி இன்னும் முனை திரும்பவில்லை. ஓடினால் பிடித்துவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும்...

வாயைத் திறந்தேன். "அந்த ஸ்பானரை எடு," என்றேன். எடுத்துக் கொடுத்தான்.