மினாராவில் தெரிந்த லாந்தர்

என் கையெழுத்து நன்றாக இராது. வரி நேராக ஆரம்பித்துப் பாதியில் கீழே இறங்கிவிடும். எந்த ‘ல’ எங்கே போடுவது என்பது இந்த வயதிலும் எனக்குத் தகராறுதான். நாலாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் சொல்லப்படும் ஒரு விஷயத்தில் வேறு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மோட்டார் கொட்டகை என் பொறுப்பு. கரண்ட் வருவதற்கு முன் அதே கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் முதலாளி சாயபு மாடுகளைக் குடியாத்தம் சந்தையில் விற்றுவிட்டார். “இவன் யாரோடவும் பேச மாட்டான், மோட்டாரைப் பார்த்துக்குவான்” என்று என்னை அங்கே உட்கார வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. மோட்டார் கேள்வி கேட்காது.

காலையில் சுவிட்சைப் போட்டால் கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்கு ஏறும். தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியாகச் சுண்ணாம்புக் குழிகளுக்குப் போகும். கொட்டகைக் கூரைமேல் ஒரு சங்கு இருந்தது. அதுவும் கரண்டில் ஊதுவது. வேலைக்கு ஏறவும் இறங்கவும் நான்தான் ஊதுவேன்.

நோன்பு மாதத்தில் அதிகமாக ஒரு முறை ஊத வேண்டும். எங்கள் ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளிப் பள்ளிவாசல். அங்கே தொழுகைக்குக் கூப்பிட்டு மோதினார் சொல்லும் பாங்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருக்களுக்குக் கேட்காது. அதனால் முதலாளி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பொழுது சாய்ந்ததும் மோதினார் மினாராவில் இருக்கும் பல்பைப் போடுவார். என் ஜன்னலிலிருந்து அது தெரியும். தெரிந்ததும் நான் சங்கை ஊதுவேன். சங்கு கேட்டு ஊரார் நோன்பு திறப்பார்கள். முதல் வருஷம் முப்பது நாளும் இப்படித்தான் நடந்தது. இதில் நானும் மோதினாரும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. தெருவில் எதிரே வந்தால் அவர் தொப்பியைத் தொடுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான ஆள். பள்ளிவாசலை ஒட்டின ஓர் அறைதான் அவருக்கு வீடு. வேலை போனால் அறையும் போகும்.

மறு வருஷம் நோன்பு கார்த்திகையில் வந்தது. இரண்டாம் வாரம் புயல் பிடித்தது. நாள் கணக்கில் விடாமல் மழை. குளிர் காற்று ஜவ்வாது மலைப் பக்கமிருந்து நேராக வந்து அடித்தது. எல்லாரும் கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. ஆற்றோரம் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன என்று சொன்னார்கள்.

“எப்ப வரும்?” என்று சுண்ணாம்புக் குழி மேஸ்திரி கேட்டார், நான்தான் கரண்டை மடியில் கட்டி வைத்திருப்பது போல.

“தெரியல.”

“மாட்டை வித்தாச்சு. இப்ப கவலையில யாரைக் கட்டறது? உன்னையா?”

நான் குழிகளைப் பார்த்தேன். குழியில் கிடக்கும் தோலுக்குப் புயல் தெரியாது. நாள் கடந்தால் சுண்ணாம்பு தின்றுவிடும். எடுத்து அலச வேண்டும். சுற்றிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது; அத்தனையும் சேறு. நல்ல தண்ணீர் கிணற்றில் இருந்தது. ஆறு பேர் கயிறு போட்டுக் குடத்தால் இறைத்தார்கள். விரல் மரத்துப் போய்க் கயிறு வழுக்கியது. வேலூரிலும் இருட்டு என்று பேசிக்கொண்டார்கள். வீடுகளில் பழைய சிம்னி விளக்குகளைத் தேடி எடுத்தார்கள். மண்ணெண்ணெய்க் கடையில் சண்டையே நடந்தது.

சங்குக்கு என்ன செய்வது என்று முதலாளி யோசித்தார். கொட்டகை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிடச் சொன்னார். சம்மட்டியால் அடித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அந்தத் தெரு அடுத்த தெருவுக்குச் சொல்லிக்கொள்ளும். மினாராவில் பல்புக்குப் பதில் லாந்தர். மோதினாரை வைத்துக்கொண்டே முதலாளி என்னிடம் சொன்னார்.

“பாருப்பா. காத்துல லாந்தர் பக்கவாட்டுல தானா ஆடும். அதை நம்பாதே. இவரு மேலயும் கீழயுமா மூணு தரம் தூக்கி இறக்குவாரு. மூணையும் எண்ணு. எண்ணிட்டு அடி. புரிஞ்சுதா?”

நான் தலையாட்டினேன். மோதினாரும் தலையாட்டினார்.

லாந்தர் வைத்த முதல் நாள் சரியாக நடந்தது. லாந்தர் மூன்று முறை ஏறி இறங்கியது. எண்ணினேன், அடித்தேன்.

மறுநாள் மூன்று மணி சுமாருக்கே இருட்டிக்கொண்டது. ஆபீஸ் கடிகாரம் பூட்டின அறைக்குள் இருந்தது. கணக்கப்பிள்ளை வெள்ளத்தைத் தாண்டி வர முடியாமல் சாவியோடு பேரணாம்பட்டில் இருந்தார். நான் ஜன்னலில் நின்றேன். வேட்டி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. மேஸ்திரியும் ஆட்களும் வேலை முடிந்து போய்விட்டார்கள். எனக்காக மட்டும் அந்த ஷாப் திறந்திருந்தது. எப்போது இதை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பண்டை உட்காருவோம் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது மினாராவில் வெளிச்சம் தெரிந்தது. ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் வந்தது. ஒரு முறை கொஞ்சம் மேலே போனது போலவும் இருந்தது. நான் எண்ணவில்லை. சம்மட்டியை எடுத்து அடித்தேன். பலமாகவே அடித்தேன். உடம்பு சூடாயிற்று.

தெரு கேட்டது. அடுத்த தெருவுக்கும் போயிற்று. எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்புக் கஞ்சியைக் குடித்தார்கள்.

உண்மையில் பொழுது சாய இன்னும் அரை மணிக்குக் கிட்ட இருந்தது. மினாராவின் மேல் ஜன்னல் கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் படிக்கட்டு வழியாகப் பாய்கள் மேல் ஒழுகியிருக்கிறது. மோதினார் அதைக் கட்டத்தான் ஏறினார். படி இருட்டாக இருந்ததால் லாந்தரை எடுத்துப் போனார். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் லாந்தர். பள்ளிவாசல் கடிகாரம் அவர் அறைக்குள் இருந்தது; கீழே இருந்தவர்கள் தண்டவாளச் சத்தத்தை நம்பிவிட்டார்கள். கட்டிவிட்டு இறங்கி வந்தவர், கஞ்சிப் பாத்திரத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கேட்டாராம்:

“யார் சொன்ன பாங்குக்குத் திறந்தீங்க?”

முதலாளி அப்போதே ஆள் அனுப்பி என்னைத் தன் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டார். குடை பிடித்துக்கொண்டு நின்றார். கோபமாகக்கூட இல்லை. களைப்பாக இருந்தார்.

“லாந்தரை மேலயும் கீழயும் ஆட்டினாரா?”

‘இல்லை’ என்றால் அதற்கு மேல் நிறையச் சொல்ல வேண்டும். எண்ணவில்லை, குளிராக இருந்தது, வீட்டுக்குப் போக நினைத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பின்னால் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினார் என்று அதற்கு அர்த்தம்.

“சரி, போ” என்றார்.

வீட்டுக்குப் போய் அடுப்பண்டை உட்கார்ந்தேன். நினைத்தது கிடைத்துவிட்டது. சூடு மட்டும் உடம்பில் ஏறவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி கிணற்றடியில் கயிறு இழுத்துக்கொண்டே சொன்னார்: “மோதினாரை அனுப்பிடப் போறாங்களாம். மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் ஜமாஅத் கூடுது. கண்ணு தெரியாத கிழவரை வெச்சிருந்தா இப்படித்தான்னு பேசிக்கறாங்க. நீதான் பார்த்ததாச் சொன்னியாமே?”

நான் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“இந்த மழையில எங்க போவாரு? பொண்ணு ஆற்காட்டுல இருக்குது. பாலம் தாண்ட முடியாது” என்றார் மேஸ்திரி. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சும்மா பேசினார்.

மத்தியானம் நான் பள்ளிவாசலுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வாசல் படியில், உள்ளே ஏறாமல், கோணியைத் தலையில் போட்டபடி நின்றேன். தாழ்வாரத்தில் முப்பது பேர் இருப்பார்கள். முதலாளி நடுவில் இருந்தார், அவர்தான் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி. மோதினார் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பாய்க்குப் பசி ஜாஸ்தி. சூரியனுக்கே அவசரம் காட்டிட்டாரு” என்றார் ஒரு வியாபாரி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

மோதினார் மெதுவாகச் சொன்னார்: “நேத்து நேரத்துக்குத் திறந்தவன் நான் ஒருத்தன்தான். நீங்க கஞ்சி குடிக்கும்போது நான் வாயில தண்ணி வைக்கல. உங்க நோன்புதான் போச்சு.”

“அப்போ விளக்கை ஏன் தூக்கின?” என்றார் அதே வியாபாரி.

“கதவைக் கட்ட.”

“அந்த மோட்டார் ஆளு நீ ஆட்டினதாச் சொல்றானே.”

மோதினார் வாசல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். தொப்பியைத் தொட்டார். பழக்கம்தான். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“ஆட்டல” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னால் இருந்தவர் திரும்பினார். “இன்னாபா?”

“அவரு ஆட்டல. லாந்தர் பக்கவாட்டுலதான் போச்சு. நான் எண்ணல. எண்ணாம அடிச்சிட்டேன்.”

தாழ்வாரம் முழுவதும் என்னைப் பார்த்தது. நாற்பது வயதுவரை அத்தனை முகங்கள் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினதில்லை. கோணியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிர் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

முதலாளி கேட்டார்: “நேத்து நான் கேட்டப்ப?”

“தலையாட்டினேன் சாயபு.”

“ஏன்?”

“பேச வரல.”

அந்த வியாபாரி, “லாந்தர் ஆடல, இவன் தலை ஆடியிருக்குது” என்றார். இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மோதினாரும் சிரிக்கவில்லை.

தொழ வைக்கும் அசரத் அதுவரை பேசாமல் இருந்தார். “தெரியாமல் திறந்தது. பெருநாள் கழிஞ்சதும் எல்லாரும் இதுக்குப் பதிலா ஒரு நோன்பு களாவாப் பிடிச்சுக்கோங்க. இதுல மோதினாரைப் பேச ஒண்ணும் இல்ல” என்று எழுந்துவிட்டார். அவ்வளவுதான் கூட்டம்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்மட்டியை மேஸ்திரியிடம் கொடுக்கச் சொன்னார். “கரண்ட் வர்ற வரைக்கும் நீ தண்ணி இழு” என்றார். நாலு நாள் இழுத்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்தது; சுண்ணாம்பு பட்டு எரிந்தது. தோலில் ஒரு குழி மட்டும் கெட்டது. மற்றவை தப்பின. ஐந்தாம் நாள் கரண்ட் வந்தது. மோட்டார் ஓடின சத்தம் கேட்டுக் கிணற்றடியில் எல்லாரும் கயிற்றைக் கீழே போட்டார்கள். அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் கொட்டகைக்குத் திரும்பினேன்.

பெருநாளுக்கு மறுநாள் அந்தத் தெருக்காரர்கள் விட்டுப்போன நோன்பைப் பிடித்தார்கள். மார்கழிக் குளிர், மழை இல்லை. மினாராவில் பல்பு இருந்தது, கூரையில் சங்கு இருந்தது. ஆனாலும் சாயங்காலம் மோதினார் என் கொட்டகைக்கு நேராக வந்துவிட்டார். கையில் பள்ளிவாசல் கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பல்பைப் போடும் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

“இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே பார்க்கலாம்” என்று என் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஜன்னலோரம் ஆணியில் என் தூக்குவாளி தொங்கியது. அவர் அதை எடுத்துக் கனம் பார்த்தார்.

“இன்னாபா, சோறு அப்படியே இருக்குது?”

“பசிக்கல.”

“காலையிலேருந்தா?”

நான் மோட்டாரைப் பார்த்தேன். அன்று நான் சாப்பிடவில்லை என்பது என் பெண்சாதிக்கும் தெரியாது. அவர்களோடு சேர்ந்து ஒரு நாள் இருக்க வேண்டும் என்று தோன்றியது, இருந்தேன். நான் வேறு மதத்தான். அது கணக்கில் வராது என்று எனக்குத் தெரியும்.

அவர் வாளியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்பு எரிந்தது. “எரியுது” என்றேன். அவர் கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். “ஊது” என்றார். ஊதினேன். மடியிலிருந்து மூன்று பேரீச்சம்பழம் எடுத்தார். ஒன்றை அவர் வாயில் போட்டுக்கொண்டு, இரண்டை என் கையில் வைத்தார். உள்ளங்கையில் புண் ஆறியிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

போன வருஷம் அவர் ஆற்காட்டில் பெண் வீட்டில் காலமாகிவிட்டார். போன வாரம் ஸ்டேஷன் பக்கம் பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். புயல் வருஷத்தில் கண் தெரியாத ஒரு மோதினார் நேரம் தெரியாமல் விளக்கேற்றி ஊரையே நோன்பு முறிக்க வைத்தாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அன்று தாழ்வாரத்தில் இருந்த முப்பது பேருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியவில்லை. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். பாதி எழுந்தேன். கடையில் கூட்டம். உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் எழுதுகிறேன். மோதினார் விளக்கேற்றியது கதவு கட்ட. அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. எண்ணாமல் அடித்தவன் நான். இதை அசரத்திடம் கொடுக்கப் போகிறேன். அவர் வாசித்துக் காட்டினால், நான் வாசல் படியில் நிற்பேன். யாராவது கேட்டால் இந்த முறை தலையாட்ட மாட்டேன், வாயால் சொல்வேன்.

பஹுதான்ய வருஷம், தை மாதம் ஐந்தாம் தேதி.