என் குரலுக்கு வாயசைக்கிறவள்

பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு ரெஸ்டாரன்ட்டில் வெள்ளிக்கிழமை மதியம் பாடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக அதே மூலை, அதே சின்ன மேடை. சாப்பிட வருகிறவர்கள் வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி வெயிட்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். காபரே பாடகி என்றால் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். ஜாதவ்பூரில் ஒரு தமிழ் ரயில்வேக்காரர் மகளாக வளர்ந்தவள் நான். சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. பேசட்டும், எனக்கென்ன!

சாயங்காலங்களில் நாடகம். பாடி நடிக்கிற வங்காள நாடகங்களில் வருஷக்கணக்காக ஓரத்தில் நின்றபின், நாற்பத்தாறு வயதில்தான் கதாநாயகி வேஷம் கிடைத்தது. ஒத்திகை நடக்கும்போதே டைரக்டர் எல்லாப் பாட்டையும் ஸ்டுடியோவில் பதிவு செய்யச் சொன்னார். "என்னைக்காவது உங்களுக்குத் தொண்டை கட்டினா ஷோ நிக்கக் கூடாதே, தீதி" என்றார். தீதி என்றால் அக்கா. நியாயம்தான் என்று பட்டது. நீட்டிய பேப்பரில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். முட்டாள், வடிகட்டின முட்டாள்.

முதல் ஷோவுக்குப் பத்து நாள் முன்னால் வேஷம் ஓர் இளம்பெண்ணுக்குப் போயிற்று. என் முகம் போஸ்டரில் எடுபடவில்லையாம். குரல் மட்டும் வேண்டுமாம், அவள் வாயசைப்பாளாம். பதிவை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பாடியது யார் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்று அந்தப் பேப்பரிலேயே இருந்தது. பேசாமல் இருந்தால் அடுத்த நாடகத்தில் அம்மா வேஷம் உறுதி என்றார் டைரக்டர். அதை நம்பி வாயை மூடிக்கொண்டேன். நாடகம் இரண்டு வருஷமாக ஓடுகிறது. அம்மா வேஷம் வரவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஒரு சீட்டு வந்தது. அந்த நாடகத்தின் கடைசிப் பாட்டு. பாடிவிட்டேன். முன் மேஜையில் சால்ட் லேக் பக்கம் வேலை செய்கிற ஐடி பையன்கள் இரண்டு பேர், கழுத்தில் ஆபீஸ் அட்டை. சீட்டு அனுப்பியது அவர்கள்தான்.

"நல்லாத்தான் பாடுறாங்க மச்சான். ஆனா டிராமால அந்தப் பொண்ணு பாடுனப்ப புல்லரிச்சுதுல்ல? இது அந்தளவுக்கு இல்லடா" என்றான் ஒருவன், தமிழில்.

"வயசாச்சுடா, விடு" என்றான் மற்றவன்.

எனக்குத் தமிழ் தெரியும் என்று அவர்கள் கண்டார்களா? இறங்கிப் போய், "தம்பி, அதுவும் என் குரல்தான்ப்பா" என்றேன்.

"ஐயோ! நீங்க தமிழாக்கா? சாரிக்கா!"

"சாரி கெடக்கட்டும். அந்தப் பொண்ணு வாயத்தான் அசைக்கிறா. பாடினது நான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிக்கா, நம்புறோம்க்கா" என்றான் முதல் பையன், பைத்தியத்திடம் பேசுகிற மாதிரி மெதுவாக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பியானோக்காரரிடம் அதே பாட்டை மறுபடி வாசிக்கச் சொல்லி, எதையும் மிச்சம் வைக்காமல் பாடினேன். கடைசி வரியில் மேலே ஏறி நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்டுடியோவில் அதை ஒரே மூச்சில் பிடித்திருந்தேன். இப்போது பாதியிலேயே குரல் பிளந்துவிட்டது. இரண்டே வருஷம்! பியானோக்காரர் எனக்காகச் சீக்கிரம் முடித்துவிட்டார்.

பையன்கள் பலமாகக் கைதட்டினார்கள், பாவம், நல்ல பிள்ளைகள். அன்று சாயங்காலமும் ஷோ இருந்தது. அந்த இடம் வந்ததும் அவள் வாயைத் திறந்திருப்பாள், என் குரல் பிசிறில்லாமல் மேலே போயிருக்கும். பாடியது நான்தான் என்று இனி யாரிடம் சத்தியம் செய்வேன்? அன்று மதியம் அந்த மேஜையில் உட்கார்ந்து என் பாட்டைக் கேட்டிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.