ஆவுளியா மேயும் இடம்

வளைகுடாவில் பதினெட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் தொண்டிக்குத் திரும்பியவன் நான். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மனைவியின் அண்ணனோடு நண்டு வலைக்குப் போகத் தொடங்கினேன்.

அவர் வலை விடும் இடமெல்லாம் கடற்புல் மண்டிக் கிடக்கும். தாழை என்போம். வலையை இழுத்தால் பாதி அதுதான் வரும். அதைப் பிய்த்துப் போடுவது என் வேலை. ஒருநாள் சலித்துப்போய், "தாழை இல்லாத பக்கமாப் போடக் கூடாதா மச்சான்?" என்று கேட்டேன்.

"போடலாம். வெறும் வலையத்தான் தூக்கிட்டு வரணும்," என்றார்.

அடுத்த வாரம் காலையில் வலையை எடுக்கப் போனபோது மிதவைகள் ஒரே இடத்தில் அமிழ்ந்து கிடந்தன. மச்சான் எட்டிப் பார்த்து, "யா அல்லாஹ், ஆவுளியா," என்றார். கடல்பசு. எங்கள் படகில் பாதி நீளம் இருக்கும். வாலில் வலை சுற்றியதால் மூச்சுவிட மேலே வர முடியாமல் தவித்தது.

"கத்திய எடு மாப்ள. வலை போனாப் போகுது," என்று என்னை அவசரப்படுத்தினார்.

மார்பளவுத் தண்ணீரில் இருவரும் இறங்கினோம். அவர் அதன் தலையைத் தாங்கிப் பிடிக்க, நான் வலையின் நைலான் நரம்பை அறுத்தேன். என் முகத்துக்கு நேரே அது புஸ்ஸென்று மூச்சு விட்டது. நசுங்கிய புல்லின் வாடை. வாயோரத்தில் தாழை ஒட்டியிருந்தது. அது மேய வரும் இடத்தில் நாங்கள் வலை விரித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசிக் கண்ணி அறுந்ததும் வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. நான் மல்லாக்க விழுந்தேன். மச்சானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அதற்கப்புறம் தாழையைப் பிய்க்கும்போது உற்றுப் பார்க்கிறேன். இலைகளில் ஒட்டிய முட்டைகள், நகத்தளவு நண்டுக்குஞ்சு, ஓரா மீன் குஞ்சுகள், ஒரு தடவை கடல்குதிரை. நான் குப்பை என்று வீசியதில்தான் இத்தனையும் குடியிருந்தன; அதற்குள்தான் இரை தேடி வளர்ந்தன. இப்போது அலசி, உயிருள்ளதைக் கடலில் விட்டுவிட்டே அடுத்த பிடியை எடுக்கிறேன்.

போன மாதம் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அடியில் புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் மணல் கோடு நீளமாக ஓடியது.

"அது மேஞ்ச தடம்," என்றார் மச்சான். அருகிலேயே அதைவிடக் குறுகலாக இன்னொன்று. "குட்டியும் கூட வருதுபோல."

இன்ஜினை அணைத்து, கம்பை ஊன்றித் தள்ளி அங்கிருந்து விலகினோம். வலையை வேறிடத்தில் விட்டோம். அன்று நண்டு குறைவுதான். வீட்டில் என் மனைவி கூடையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

"சோத்துக்கு ஒரு ஆணம் காய்ச்சக் காணும் தங்கச்சி," என்றபடி மச்சான் கைகழுவப் போனார்.