முந்நூற்று நாற்பத்தொன்றாம் வரி

இது உண்மையில் நடந்தது. யாரோ யாருக்கோ சொல்லிக் கைமாறி வந்த கதை இல்லை. பட்டவளே உட்கார்ந்து, மணி நிமிடத்தோடு சொன்னது. காதில் பூ சுற்றுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது நடுராத்திரியிலும் இல்லை. பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். பேய் என்றால் இருட்டு வேண்டும் என்பதெல்லாம் கண் தெரிந்தவர்கள் கட்டிவிட்டது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்திக்கு மதியம் ஒரு மணியும் ராத்திரி ஒரு மணியும் ஒன்றுதான்.

அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பேர். வாய் ஓயாது என்பதால் அண்ணன் வைத்தது. புரோகிராம் எழுதுவது தொழில். பார்வை இல்லாமல் எப்படி எழுதுவாய் என்று கேட்டால், "விரலாலதான். நீங்க கண்ணாலயா டைப் அடிக்கறீங்க?" என்பாள்.

திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசித்துக் காட்டும். பழகப் பழக அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். அவள் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர்கள் காதுக்கு அது வெறும் கிர்ர்ர்... அவளுக்கு எழுத்து எழுத்தாகப் புரியும். ஒரு வரி எத்தனை படி உள்ளே தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கும் தனி ஒலி உண்டு. ஒரு படி என்றால் டுங். இரண்டு படி என்றால் கொஞ்சம் உயர்ந்து டிங். ஒரு படி மாறினால் புரோகிராமின் வேலையே மாறிவிடும்.

பஸ் டிக்கெட் பதிவுக்கு மென்பொருள் செய்கிற சின்ன அலுவலகம் அது. மூன்றாம் மாடியில் ஒரே அறை, பதினோரு மேசைகள். சேர்ந்த அன்றே மூலை மேசையை அவள் தலையில் கட்டினார்கள். அந்த மூலையில் மதிய நேரத்தில் ஏதோ வண்டு ரீங்கரிக்கும் என்று யாரும் அங்கே உட்காருவதில்லை. எலக்ட்ரீஷியன் இரண்டு முறை வந்து பார்த்தார். பூச்சி மருந்து அடிக்கிறவர் ஒரு முறை வந்தார். வண்டு கிடைக்கவில்லை.

"நீ ஹெட்போன்லயேதானே இருக்கப் போறே. உனக்கென்ன," என்றார் டீம் லீடர்.

அதே லீடர்தான் முதல் வாரமே இன்னொன்றும் சொன்னார். "அந்த டுங் டிங் ஹெட்போனை மீறி வெளியே கேக்குதும்மா. எரிச்சலா இருக்கு." புது இடத்தில் எதற்கு வம்பு என்று அவள் படி ஒலியை அணைத்துவிட்டாள். தன் காதைத் தானே பாதி பொத்திக்கொண்ட மாதிரிதான். ஆனாலும் அணைத்தாள்.

மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிற நாள் வந்தது. ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிடுகிற ஒரு பழைய கோளாறு அந்த மென்பொருளில் இருந்தது. ஆறு வருடமாக யார் கையிலும் சிக்காதது. காலையில் லீடர் அதை அவளிடம் தள்ளினார்.

"மூணு மணிக்குள்ள கண்டுபிடிச்சா நீ புரோகிராமர். இல்லேன்னா திங்கட்கிழமையில இருந்து போன் எடுக்கற வேலை. உனக்கும் அதுதானே சுலபம்?"

சுலபம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தேழு இன்டர்வியூவில் கேட்ட சொல். அவள் ஹெட்போனை மாட்டினாள்.

1:05. எல்லோரும் சாப்பிடக் கீழே போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மின்விசிறி மட்டும்.

1:12. கிர்ர்ர்...

ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் நிற்கவில்லை. இத்தனை நாளும் ஹெட்போனோடு இருந்ததில் அவள் அதைச் சரியாகக் கேட்டதே இல்லை. இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

அது வண்டு இல்லை. பேச்சு.

அவள் வேகத்தைவிட அதிக வேகத்தில் ஒரு ஸ்கிரீன் ரீடர் வாசித்துக்கொண்டிருந்தது. "வரி முந்நூற்று அறுபது..." டுங். "முந்நூற்று ஐம்பத்தொன்பது..." டிங். கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. அவள் திறந்து வைத்திருந்த அதே கோப்பு.

முந்நூற்று ஐம்பத்திரண்டில் அவள் காலை 9:40-க்கு ஒரு குறிப்பு தட்டி வைத்திருந்தாள். 'இங்கே ஏதோ தப்பு இருக்கிறது.' அதையும் வாசித்தது.

குனிந்து கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். தன் கம்ப்யூட்டர் அணைகிற சத்தம் கேட்டது.

கிர்ர்ர்... டுங்.

"முந்நூற்று நாற்பத்தைந்து..."

கையை மேசைமேல் வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் பலகை அதிர்ந்தது.

ஓடிவிடலாம். ஆனால் ஓடிப்போய் என்ன சொல்வது? கண்ணும் தெரியாது, இல்லாத குரலும் கேட்கிறது என்பார்கள். மூன்று மணி வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"யாரு?" என்றாள்.

குரல் நின்றது.

பிறகு மறுபடி தொடங்கியது. மெதுவாக... ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி... சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிற மாதிரி.

பயத்தை மீறிக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது. ஊரெல்லாம் இப்படித்தான் அவளிடம் பேசுகிறது. இதுவுமா?

"வேகமாவே படிங்க. எனக்குப் புரியும்."

ஒரு நொடி.

கிர்ர்ர்...

"முந்நூற்று நாற்பத்தொன்று." டுங்.

"முந்நூற்று நாற்பத்தொன்று." டுங்.

"மேல போங்க."

"முந்நூற்று நாற்பத்தொன்று." டுங்.

அதற்கு மேல் போகவில்லை. டிக்கெட்டை அச்சிடச் சொல்கிற வரி அது. அதில் தப்பே இல்லை. அவள் பத்து முறை பார்த்தாயிற்று.

டுங்... டுங்...

அப்போதுதான் உறைத்தது. அதற்குப் படி ஒலி இருக்கிறது. தன்னிடம் இல்லை.

பிளக்கைச் சொருகினாள். கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் உயிர் போய் வந்தது. 1:21. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு படி ஒலியைப் போட்டாள். முந்நூற்று நாற்பத்தொன்றில் போய் நின்றாள்.

"நகருங்க. நான் மேல போறேன்."

நாற்பது. டுங். முப்பத்தொன்பது. டுங்.

முப்பத்தெட்டு. டுங்.

முப்பத்தேழு. டிங்.

நின்றாள். கீழே வந்தாள். முப்பத்தெட்டாவது வரிதான் விற்ற இருக்கையைப் பூட்டுகிற வரி. அது டிங் என்று ஒலித்திருக்க வேண்டும். ஒரு படி வெளியே இருந்தது. அதனால் ஒருவர் நான்கு இருக்கை எடுத்தால் கடைசி இருக்கைக்கு மட்டும் பூட்டு விழுந்தது. மற்ற மூன்றும் திறந்தே கிடந்தன.

ஒரே ஒரு கீயைத் தட்டினாள்.

டிங்.

மூலையில் சத்தம் நின்றது.

காதருகே யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக...

"கோப்பு சேமிக்கப்பட்டது," என்றது அவள் கம்ப்யூட்டர்.

அவள் இன்னும் சேமிக்கவில்லை.

1:26.

மூன்று மணிக்குச் சோதித்துப் பார்த்தார்கள். நூறு டிக்கெட் போட்டும் ஒரு இருக்கைகூட இரண்டு முறை விற்கப்படவில்லை. லீடர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பரவாயில்லையே. இந்த ஆபீஸ்ல பார்வை இல்லாதவங்களை எடுத்தது உன்னைத்தான் முதல்ல. நல்லாத்தான் செய்யறே," என்றார்.

ஆறு மணிக்குக் கூட்டிப் பெருக்குகிற அக்கா வந்தார். பதினோரு வருடமாக அந்த மாடியில் வேலை செய்கிறவர். அவரிடம்தான் கேட்டாள்.

"அக்கா, எனக்கு முன்னாடி இங்க யாரு உட்கார்ந்திருந்தாங்க?"

துடைப்பம் நின்றது.

"உங்கிட்ட சொல்லலியா? உன்னை மாதிரியே ஒரு தம்பி. பார்வை இல்லை. ஆறு வருஷம் ஆச்சு. அவரையும் போன் எடுக்கப் போகச் சொல்லிட்டாங்க. சாயந்திரம் வரைக்கும் டைம் கொடுங்கன்னு கேட்டுட்டு ஏதோ ஒரு தப்பைத் தேடிக்கிட்டு இருந்தாரு."

"அப்புறம்?"

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டு வந்தாங்க. அவரு மேசையில தலையைச் சாச்சு ஸ்பீக்கர்ல காதை வச்சிருந்தாரு. எப்பவும் அப்படித்தான் இருப்பாரு. மெஷின் பேசிக்கிட்டே இருந்துச்சு. வேலை பார்க்கறாருன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஆறு மணிக்கு நான் வந்து, தம்பி எழுந்திருங்கன்னு தொட்டேன்... சில்லுனு இருந்தாரு. மதியம் ஒண்ணே காலுக்கே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாராம்."

"மெஷின் என்னக்கா பேசுச்சு?"

"யாருக்கும்மா புரியும்? ஒரே சத்தம்தான். கிர்ர்ர் டுங். கிர்ர்ர் டுங். மத்தியானத்துல இருந்து நான் அணைக்கற வரைக்கும் அதேதான்."

கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பத்துப் பேர் இருந்த அறையில், செத்துப்போன ஒருவன் பக்கத்தில், தப்புக்கு மூன்று வரி தள்ளி, அதே முந்நூற்று நாற்பத்தொன்றாம் வரியை மெஷின் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் எழுந்து வரவில்லை. அவள் அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

திங்கட்கிழமை அவள் வேறு மேசை கேட்கவில்லை. ஸ்பீக்கரை வெளியே எடுத்து வைத்து, படி ஒலியோடு, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி போட்டாள். பத்து நிமிடத்தில் லீடர் வந்துவிட்டார்.

"கொஞ்சம் சத்தத்தைக் குறைம்மா. ஒண்ணும் புரியலை, காதைக் குடையுது."

"குறைக்க மாட்டேன் சார். கேட்டுப் பழகிக்குங்க. என்னிக்காவது ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தா, எந்திரிச்சு வந்து என்னைத் தொட்டுப் பாருங்க."