பாடினது ஜெயப்பிரியா

"டிவியில பாடுன பிள்ளை நீதான?" என்று யாராவது கேட்டுவிட்டால் ஜெயப்பிரியா கையிலிருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். கடலை மிட்டாய் பாதி நிறுத்தபடி தராசுத் தட்டில் கிடக்கும். பின்னால் நிற்பவர் பஸ்ஸைப் பார்த்துத் துடிப்பார். "பாடுனது நான்தான். அழுதது நான் இல்ல. அது அடுப்புப் புகை" என்று ஆரம்பித்து, கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் பொட்டலம் கைமாறும்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் அப்பா பூவனநாதனின் மிட்டாய்க் கடை. சாயங்காலங்களில் கல்லாவுக்கு அவள்தான். பாட்டுக்காரிக்கு ஆகாது என்று சொல்கிற எல்லாமே அவளுக்கு இஷ்டம்: ஐஸ், கெட்டித் தயிர், மோர் மிளகாய். மில் சங்கு ஊதினால் அதே சுருதியைப் பிடித்துக்கொண்டு, சங்கு ஓய்ந்த பிறகும் தான் மட்டும் இழுத்துக்கொண்டிருப்பாள். ஸ்கூட்டியில் போகும்போது பாடுவாள். எதிரே வருகிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று வண்டியை ஓரம் கட்டுவதுண்டு. பங்குனித் திருவிழாவில் ஒருமுறை பாட்டு நடுவே கரண்ட் போனது. அவள் நிறுத்தவில்லை. பொரிக்கடைவரை கேட்டதாம்.

இரண்டாயிரத்து ஏழில் சென்னைச் சேனல் ஒன்று உலகத் தமிழர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பாட்டுப் போட்டி நடத்தியது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடா என்று எங்கிருந்தெல்லாமோ வந்து பாடினார்கள். மதுரையில் நடந்த தேர்வுக்குச் சும்மா போய்ப் பார்த்த ஜெயப்பிரியா, ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, கோலாலம்பூரில் நடக்கவிருந்த இறுதிச் சுற்றுக்கே வந்துவிட்டாள். பாதி மதிப்பெண் நடுவர்கள் கையில், பாதி எஸ்.எம்.எஸ். ஓட்டில்.

ஓட்டு விழ வேண்டுமானால் பாடுகிறவரின் வாழ்க்கையை ஜனங்களுக்குக் காட்ட வேண்டுமாம். அதைப் படம்பிடிக்க நந்தகோபால் என்ற தயாரிப்பாளர் ஆட்களோடு வந்து இறங்கினார். மாடி வீட்டையும் டைல்ஸ் தரையையும், பட்டுச்சேலையில் காபி கொண்டுவந்த அவள் அம்மா கற்பகத்தையும் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"இதுல கதையே இல்லையே சார்" என்றார் பூவனநாதனிடம். "சரி, ஊர்ல என்ன தொழில்? அதுல கொஞ்சம் எடுத்துப்போம்."

தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) வேலை பார்க்கும் பத்திரகாளியின் வீட்டுக்குக் கூட்டிப் போனது ஜெயப்பிரியாதான். கடைக்கு நெடுநாளாக வருகிறவர், பழக்கமானவர். பத்திரகாளி கொல்லையில் குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வீட்டில் ஒட்ட வைத்திருந்த தீப்பெட்டிகளில் விளையாட்டாகக் கொஞ்சம் ஒட்டினாள். விறகுப் புகை கண்ணைக் கரித்தது. முந்தானையால் துடைத்தாள். கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ஊர்த் தொழிலைக் காட்டப் போகிறார்கள் என்றுதான் இருவருமே நினைத்தார்கள்.

கோலாலம்பூர் மேடை. நேரடி ஒளிபரப்பு. முதல் வரிசையில், வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறி வந்திருந்த பூவனநாதன். பாட்டுக்கு முன்னால் ஜெயப்பிரியாவின் முதுகுக்குப் பின்னே இருந்த பெரிய திரையில் படம் ஓடியது. சோகமான புல்லாங்குழலுக்கு நடுவே ஒரு குரல் சொன்னது: "ஓட்டைக் குடிசை. ஒரு வேளைக் கஞ்சி. தீப்பெட்டி ஒட்டி மகளைப் பாட வைத்த தாய்..." திரையில் பத்திரகாளியின் முகம். அடுத்து, கண்ணைத் துடைக்கும் ஜெயப்பிரியா. அரங்கத்தில் பெண்கள் விசும்பினார்கள். நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். பூவனநாதன் நாற்காலியிலிருந்து எழுந்து, ஏதோ வேறு வீட்டுப் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தொகுப்பாளினி தழுதழுத்த குரலில் மைக்கை நீட்டினாள்: "இந்த நேரத்துல அம்மாவுக்கு என்ன சொல்ல ஆசைப்படுறீங்க?"

"அது எங்க அம்மா இல்லைங்க" என்றாள் ஜெயப்பிரியா. "அவிய பத்திரகாளி அக்கா. எங்க அப்பா கடை வச்சிருக்காவ. அந்தா, அங்கன நின்னு கை காட்டுதாவளே, அவியதான். எங்க வீடு மாடி வீடு. நான் மூணு வேளையும் நல்லாத் தின்னுதேன். பாட்டு பிடிச்சா ஓட்டுப் போடுங்க, இல்லன்னா விடுங்க."

உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

இடைவேளை முடிந்து அவள் பாடியது அன்றைக்கு அரங்கத்தில் கேட்டதிலேயே நல்ல பாட்டு என்று கோவில்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிடைத்தது மூன்றாம் இடம். முதல் பரிசு டொரன்டோவிலிருந்து வந்த ஓர் ஈழத் தமிழ்ப் பெண்ணுக்கு. மேடைக்குப் பின்னால் அந்தப் பெண் கோப்பையோடு வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அப்பிடித்தான் செய்தவை, அக்கா. நான் பிறந்ததே கனடாவில. என்ரை படத்தில குண்டுச் சத்தம் போட்டிருக்கினம்." சொல்லிவிட்டு அழுதாள். "ஜெயிச்சவளே அழுதா, அது என்ன போட்டி?" என்று ஜெயப்பிரியா இன்றைக்கும் கேட்பாள்.

ஊரும் அவளை விடவில்லை. ரயிலடிக்கு மாலையோடு வந்தவர்களே, "கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியேட்டி. ஊருக்கு எவ்வளவு பேரு!" என்றார்கள். "என்ன பேரு? பிச்சைக்காரப் பேரா?" என்று அவள் மாலையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியை எடுத்தாள். நேரே பத்திரகாளி வீட்டுக்குப் போனாள், சேர்ந்து திட்டுவதற்கு.

பத்திரகாளி உட்காரச் சொல்லவில்லை.

"வாய் இருக்குன்னுதான உனக்கு மைக் குடுத்தாவ? உங்க வீடு மாடி வீடுன்னு சொன்ன, சரி. என் வீட்டை ஓட்டைக் குடிசைன்னானே, அதுக்கு என்ன சொன்ன? பெரிய மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகாத ஓட்டு வீடு. ஒரு வேளைக் கஞ்சியாம்! எம் மக நர்சுக்குப் படிக்கா, பாப்பா. ஹாஸ்டல்ல எல்லாப் பிள்ளையளோடயும் உக்காந்து அதைப் பாத்திருக்கா. போன்ல எங்கிட்டப் பேசவே மாட்டேங்கா."

அன்றிலிருந்து, கடையில் ஜெயப்பிரியா சொல்லும் கதை நீண்டுவிட்டது. பத்திரகாளி அக்கா வீட்டு ஓடு, அவர் மகளின் படிப்பு எல்லாம் அதில் சேர்ந்தன. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பலர்.

இத்தனை வருஷம் கழித்து, போன ஐப்பசியில் நந்தகோபால் மறுபடியும் வந்தார். பழைய போட்டியாளர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நிகழ்ச்சியாம். "நடந்ததை மறந்துடுங்க மேடம், ரெண்டு நிமிஷம் சிரிச்சாப் போதும்."

"வாரேன். ஆனா மொதல்ல பத்திரகாளி அக்கா பேசணும். அவிய பேசுனதை வெட்டாமப் போடணும்" என்றாள். அவர் தலையாட்டினார். முந்தின நாள் மழை. தெருவைத் தாண்டுவதற்குள் கரிசல் அப்பி அவர் ஷூ இரண்டும் பாளம்பாளமாகிவிட்டன.

பத்திரகாளி வாசலுக்கு வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். நந்தகோபால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமா வந்து உக்காருங்கம்மா, சுவர் உதிர்ந்திருக்குல்ல, அதுக்கு முன்னாடி. முகத்தைக் கொஞ்சம் சோகமா..." என்றபடியே கேமராக்காரனுக்குச் சைகை காட்டினார்.

"யாரு வீட்டுக்குள்ள வந்து யாரை எங்க உக்காரச் சொல்லுத?" என்று பத்திரகாளி தொடங்கினார். மகளிலிருந்து தொடங்கி ஓடுவரை ஒன்று விடவில்லை. தெரு கூடிவிட்டது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தச் சண்டையை வெட்டி ஒட்டி இன்னொரு கதை செய்துவிடுவார்கள் என்பது ஜெயப்பிரியாவுக்குப் புரிந்தது. அவள் போய் உள்ளங்கையை லென்ஸ்மேல் அழுத்தி வைத்தாள்.

"மேடம், கையை எடுங்க" என்றான் கேமராக்காரன்.

பத்திரகாளி பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை, வலது கை வலித்தபோது, ஜெயப்பிரியா இடது கையை வைத்துக்கொண்டு வலது கையை எடுத்தாள்.